காணிக்கைப் பை வரும்வரை

மகள் வாங்கிவந்த ஜாஸ் இசைத்தட்டில் ஒருவன் ஆர்கன் வாசிக்கிறான். ஒரு கையால் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இஷ்டம்போல் அலைகிறான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், நெய்யூர்ப் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபையில் பள்ளிக்கூட டீச்சரான அம்மாதான் ஆர்கன் வாசித்தாள். காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய பெட்டி அது. மிதிக்கும்போது உள்ளே தோல் முனகும், எண்ணெய் ஊறிய மரம் மணக்கும். காணிக்கைப் பை வரிசை வரிசையாகச் சுற்றிவருகையில், கீர்த்தனை முடிந்தபிறகும் அவள் சொந்தமாக ஏதோ வாசிப்பாள். இடது கை துள்ளும். பை பீடத்துக்கு வந்ததும் சபைக் கமிட்டிக்காரர் பக்கத்தில் வந்து நிற்பார்.

"டீச்சரே, பை வந்தாச்சுல்லா. காலை எடும்."

அம்மா எடுத்துவிடுவாள். வாரந்தோறும் அந்த இசை பாதியில் அறுந்தது. வீட்டில் சோறு வேகும்வரை அவள் விரல்கள் அடுக்களைப் பெஞ்சில் மிச்சத்தைத் தட்டும். வெறும் மரத்தில் சுரம் ஏது? அது எப்படி முடிகிறதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்பா, சாப்பிட வாங்க" என்று மகள் இசைத்தட்டின் ஊசியைத் தூக்கப் போனாள்.

"கையை எடு மக்கா. அவன் முடிக்கட்டும்."