காப்புக் கட்டிய மறுநாள் வந்த அழைப்பு

காப்புக் கட்டிய அன்று விழிதியூரில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் இருந்தவர்கள்: பூசாரி மாமா, என் அம்மா, மனைவி செல்வி, அவள் இடுப்பில் எங்கள் மகள், நான். உடுக்கைக்காரர் வந்ததே எல்லாம் முடிந்த பிறகுதான்.

கூடைப்பந்துதான் என் பிழைப்பு. பத்தாவதோடு பள்ளியை விட்டவனுக்கு வேறு எதுவும் தெரியாது. ஒரு வருஷம் கோயம்புத்தூர் கிளப், அடுத்த வருஷம் கேரளா, பிறகு சென்னை. எங்கும் நிரந்தரம் இல்லை. சீசன் முடிந்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். இந்த வருஷம் யாரும் சொல்லி அனுப்பவில்லை. வயது முப்பத்துமூன்று. படியேறினால் இடது முழங்கால் வலிக்கிறது. சாப்பிடும்போதுகூடப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு டீம் கிடைக்க வேண்டும், கிடைத்தால் மணி வாங்கித் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு கையை நீட்டினேன். காப்புக் கட்டினால் அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. எதற்கெல்லாமோ பயப்படுகிற நான், அதை யோசிக்கவே இல்லை.

மறுநாளே சேலம் பக்கத்துக் கோச் ஒருவர் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை செலக்‌ஷன். வந்துடு.”

“சார், கையில காப்பு கட்டியிருக்கேன். அடுத்த புதன் வரைக்கும் ஊரத் தாண்டக் கூடாது.”

“முப்பத்துமூணு வயசுல உன்னக் கூப்பிடுறதே பெருசு. இதுல நீ நாள் சொல்றியா?”

வைத்துவிட்டார்.

“இத்தன வருஷமா ஊர் ஊரா ஓடுனீங்க. ஓடக் கூடாத அன்னிக்குத்தான் கூப்பிடுவானுங்களா?” என்றாள் செல்வி.

பூசாரியிடம் ஓடினேன். “மாமா, இத அவுத்துட்டுப் போவலாமா?”

“கட்டச் சொன்னது நானா தம்பி? நீதான கைய நீட்டுன.”

சன்னதியில் நின்று சண்டை போட்டேன். “டீம் கேட்டேன், குடுத்த. போவ மட்டும் விட மாட்டேங்குற. என்னதான் நெனச்சிக்கிட்டிருக்க தாயே?” திருநீறுகூட வாங்காமல் வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்க, அங்கே மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்களே என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். ஆனாலும் காப்பை அவிழ்க்கவில்லை. பக்தி என்று சொல்ல மாட்டேன். பயம்தான்.

சனிக்கிழமை கோச்சே மறுபடி கூப்பிட்டார். “இங்க ரெண்டு நாளா கோடை மழை. கோர்ட்டுல தண்ணி நிக்குது. செலக்‌ஷன அடுத்த வெள்ளிக்குத் தள்ளியாச்சு. என்னய்யா வேண்டிக்கிட்டீங்க உங்க ஊர்ல?”

அழுதுவிட்டேன். புதன்கிழமை காப்பை அவிழ்த்தார்கள், மறுநாள் பஸ் ஏறினேன். ஒரு சீசனுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இது அந்த மாரியம்மன் கொடுத்தது. முழங்கால் இன்னும் வலிக்கிறது, அடுத்த சீசன் கவலை இப்போதே வந்துவிட்டது. ஆனால் சாப்பிடும்போது போனைப் பார்ப்பதில்லை. நீங்களும் அவளிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். நீட்டிய கையை மட்டும் இழுத்துக்கொள்ளாதீர்கள்.

மணி சன்னதியில் தொங்குகிறது. கிளப் பாதிச் சம்பளம்தான் தந்திருக்கிறது, கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். மணிக் கடைக்காரரிடம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.