சோற்று வண்டிக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

சவுரிராயன் லேசில் யாரையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. டீக்கடையில் மாஸ்டர் பால் ஊற்றும்வரை பாத்திரத்தை எட்டிப் பார்த்தபடியே நிற்பார். முடிவெட்டப் போனால் பிளேடைக் கையோடு கொண்டுபோவார். திண்டிவனத்தில் அவர் சண்டை போடாத மெக்கானிக் கிடையாது.

"உங்களுக்கு உங்க நெழலு மேலயே சந்தேகம்" என்பாள் மனைவி இருதயமேரி.

"பின்னாலயே வருதுல்ல, பாத்துக்கத்தான் வேணும்" என்பார்.

அவர்களுக்குப் பிழைப்பு சோறு. வானூர் பக்கம் ஒரு கல்குவாரியில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு. இருதயமேரி சமைத்து இறக்கியதும் சோற்றுக் குண்டான், சாம்பார் அண்டா, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் பழைய ஆம்னி காரில் ஏற்றிக்கொண்டு சவுரிராயன் கிளம்புவார். குவாரியில் சாப்பாட்டுக் கொட்டகை இருப்பது மேட்டில். சரளைப் பாதை, நெட்டுக்குத்தாக ஏறும். கொஞ்ச நாளாகவே வண்டி பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆட்கள் இறங்கி வந்து தள்ள வேண்டியிருந்தது.

குவாரி மேஸ்திரி அன்புச்செல்வன் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தபா சோறு லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துடுவேன் சவுரி. பசிக்கிறவன் ஒவ்வொருத்தனும் கையில கடப்பாரை வெச்சுக்கினு நிக்கிறான். எனக்கே பயமா கீது."

எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு கேம் ஷாஃப்ட். அதை மாற்றினால் பவர் கூடும் என்று யாரோ பேசியது சவுரிராயன் காதில் விழுந்தது. விழுப்புரத்தில் தாண்டவராயன் அந்த வேலையில் கெட்டிக்காரர் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

தாண்டவராயன் முன்சீட்டைத் தூக்கி அடியில் இருந்த எஞ்சினைப் பார்த்தார். "கேம்ல பல தினுசு இருக்குண்ணே. வண்டி எங்க ஓடுது, இன்னா லோடு? அத வெச்சுத்தான் எடுக்கணும்."

பதில் சொல்ல வாயெடுத்த சவுரிராயன் சுவரைப் பார்த்தார். வளவனூர் மெஸ் ஒன்றின் காலண்டர் தொங்கியது. மொத்த ஆர்டர் எடுக்கப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இது யாரு மெஸ்ஸு தம்பி?"

"என் மச்சானுது."

போச்சு. இங்கே குவாரி என்று வாயைத் திறந்தால் நாளைக்கே மச்சானின் வண்டி மேட்டில் நிற்கும்.

"லோடெல்லாம் ஒண்ணுமில்ல. ஒண்டியாத்தான் பைபாஸ்ல போவேன். பறக்கணும்."

"இந்த வயசுலயா?"

"ஏன், வயசானா ஆக்சிலேட்டர மிதிக்கக் கூடாதா?"

தாண்டவராயன் உள்ளே போய் ஒரு தண்டை எடுத்து வந்தார். "அப்ப இதான். வால்வு ரொம்ப நேரம் தெறந்து கெடக்கும். எஞ்சின் வேகமா சுத்தறப்ப பிச்சிக்கும். மெதுவாப் போறப்ப இழுவை கொறையும், இப்பவே சொல்லிட்டேன்."

விற்கிறவனே குறை சொல்கிறான் என்றால் ஏதோ சூது இருக்கிறது என்று சவுரிராயனுக்குத் தோன்றியது. தண்டை வெயிலில் புரட்டித் தேய்மானம் தேடினார், நகத்தால் சுரண்டினார், மோந்தும் பார்த்தார். மாட்டி முடிக்கும்வரை ஒன்றுக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டி பறந்தது. சவுரிராயன் தன்னை மறந்து சிரித்தார்.

மறுநாள் மேட்டில் அழுகைதான் வந்தது. முன்பாவது பாதி ஏறும். இப்போது தொடக்கத்திலேயே குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறி, அணைந்து, பின்னால் உருண்டது. சாம்பார் தளும்பி வண்டிக்குள் கொட்டியது. குண்டானைத் தோளில் தூக்கித்தான் மேலேற்றினார்கள். அன்புச்செல்வன் ஒரு விரலைக் காட்டினார். "நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்."

நேராக விழுப்புரம். "யோவ், பழைய கேமுக்கு பாலிஷ் போட்டு என் தலையில கட்டிட்டியா?"

தாண்டவராயன் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார். "சொன்ன மாதிரி பறக்குது. ஆனா ஒண்டியாத்தான் போவேன்னீங்களே, பின்னால சாம்பார் வாசனை அடிக்குது. அதுவும் கூட வருதா?"

சவுரிராயன் கணக்குப் போட்டார். சொன்னால் மச்சான் வருவான். சொல்லாவிட்டால் நாளையோடு குவாரி போய்விடும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் தனக்குத்தான்.

"குவாரிக்கு சோறு எடுத்துக்கினு போறேன். ஃபுல் லோடு. பெரிய மேடு."

"எந்தக் குவாரி?"

"அது எதுக்கு உனக்கு? மேடுன்னா மேடு."

"அடப் போங்கண்ணே. மொதல்லயே சொல்லியிருந்தா இந்தக் கேமைத் தொட்டிருக்கவே மாட்டேன்." வேறொரு தண்டை எடுத்துத் துடைத்தார். "இதுல வால்வு சீக்கிரம் மூடிக்கும். பைபாஸ்ல பறக்காது. ஆனா மெதுவாப் போறப்பவே இழுக்கும். இன்னா, காலண்டரப் பாத்து கேட்டீங்களே, மச்சான்கிட்ட சொல்லிடுவேன்னு பயமா?"

"சொல்ல மாட்டேன்னு எப்படி நம்பறது?"

"நம்பவே வேணாம். ஜல்தி சீட்டத் தூக்குங்க."

மறுநாள் முதல் கியரில் வண்டி உறுமிக்கொண்டே ஏறிக் கொட்டகை வாசலில் போய் நின்றது. யாரும் தள்ளவில்லை. அன்புச்செல்வன் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இன்னாபா சவுரி, எஞ்சினையே மாத்திட்டியா?"

"ஒண்ணும் மாத்தல." மாற்றினேன் என்றால் எங்கே என்று கேட்பான். எங்கே என்றால் யாரிடம் என்பான்.

"சரி சரி. நாளையிலேர்ந்தும் இதே நேரத்துக்கு வந்துடு."

ஆட்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சவுரிராயன் குண்டானைத் திறக்காமல் மேட்டின் ஓரத்துக்குப் போய்க் கீழே சாலையைப் பார்த்தார். ஜல்லி லாரி ஒன்றுதான் போனது. அது கிளப்பிய புழுதி அடங்கி, அதற்குப் பின்னால் வேறு வண்டி இல்லை என்று தெரிந்த பிறகே கரண்டியை எடுத்தார்.