நூர்ஜஹான் மாமியின் சுத்த ரத்தம்

ஹபீபுன்னிசா லேசில் மன்னிக்கிற ரகம் இல்லை. மன்னார்குடியில் அவளிடம் புர்கா தைக்கக் கொடுத்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். தைத்ததில் வீணாக நொட்டை சொன்ன வீட்டுக்கு மறுபடி அவள் ஊசியில் நூல் கோக்கவே மாட்டாள். அப்படிப்பட்டவள், பெற்ற தாயைப் பழித்த மாமியாரோடு ஒரே வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள் என்றால், அதைப் பொறுமை என்று நினைத்தவர்கள் ஏமாளிகள். அவள் சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் நூர்ஜஹான் வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அத்தாவின் கூடப்பிறந்த அக்காள். ரத்தம் வெளியே போகக் கூடாது, உள்ளேயும் வரக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கொள்கை. அதை மீறிய ஒரே ஆள் ஹபீபுன்னிசாவின் அத்தாதான். அவர் பட்டுக்கோட்டையில் போய்ப் பெண் கட்டினார். அந்தக் கோபம் மாமிக்கு ஆறவே இல்லை. ஆனாலும் தம்பி மகளை விட்டுவிட மனசு வராமல் தன் மகன் ஜெக்கரியாவுக்கே கட்டி வைத்தாள். ஜெக்கரியா ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் வேலைக்குப் போனான். லீவில் வருவான், ஒரு பெட்டி நிறைய சென்ட் பாட்டில் கொண்டுவருவான், போய்விடுவான்.

அவர்களுக்குப் பிறந்தவள் அஃப்ரீன். பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரமானால் வாசற்படியில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டு வருகிறது, பரம்பரை நோய், இப்போதைக்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னார். பரம்பரை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மாமி முடிவு கட்டிவிட்டாள்.

"நம்ம வம்சத்துல யாருக்குடி இப்படி இருந்துச்சு? எல்லாம் பட்டுக்கோட்டைக்காரி கொண்டாந்தது."

ஹபீபுன்னிசாவின் அம்மா அதை நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. நோயில் படுத்தபோது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானேம்மா, மன்னிச்சுரும்மா" என்று அழுதாள். அழுதுகொண்டே மவுத்தானாள். துக்க வீட்டில் அத்தனை பெண்களுக்கும் நடுவில் மாமி, "போனதுதான் போனா, குருட்டை எங்க வீட்ல எறக்கி வெச்சுட்டுப் போயிட்டா" என்றாள். ஹபீபுன்னிசா வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே எரிந்தது யாருக்கும் தெரியாது.

அதோடு நிற்கவில்லை மாமி. மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசினாள். பெண், தன் கடைசித் தம்பி மூஸாவின் மகள் சாஜிதா. இரண்டு பக்கமும் நம் ரத்தம், பிள்ளை கண்ணோடு பிறக்கும் என்று கணக்குப் போட்டாள். ஜெக்கரியா போனில், "அம்மா சொன்னா சரிதான்" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் முகாம் மன்னார்குடிக்கு வந்தது. பரம்பரைக் கண்நோய்களை ரத்தத்தை வைத்து ஆராய்கிறார்கள் என்றார்கள். ஹபீபுன்னிசா மகளோடு முதல் ஆளாகப் போய் நின்றாள். தாய், மகள் இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். சில மாதம் கழித்து மேகலா என்ற ஆலோசகர் கூப்பிட்டு விளக்கினார். நன்னிலத்துப் பக்கத்துப் பெண், பேச்சில் வயல்வாடை இருந்தது.

"அக்கா, மரபணுங்கிறது வாய்க்கால் மாதிரி. உங்க மக வாய்க்கால்ல ஒரு கோணல் தெரியுது. ஆனா கோணலைப் பாத்து மட்டும் தண்ணி வராதுன்னு சொல்லிட முடியாது. மடையில நின்னு எவ்வளவு வருதுன்னு அளக்கணும். அந்த மரபணு எவ்வளவு வேலை செய்யுதுன்னு ரத்தத்துலேயே அளந்தோம். உங்க மகளுக்குத் தண்ணியே இல்ல. உங்களுக்குப் பாதி வருது, அதனால உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்டேருந்தும் ஒவ்வொண்ணு வந்தாத்தான் புள்ளைக்கு நோய் வரும்."

"எனக்கு யாருகிட்டேருந்து வந்துச்சு?"

"உங்க அத்தா, அம்மா ரெண்டு பேரும் இல்லியே. உங்க மாமியார் ரத்தம் குடுத்தா தெரியும். அவங்களுக்கும் இதே கோணல் இருந்தா, அது அவங்க பொறந்த வீட்டோடது."

ஹபீபுன்னிசாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சாஜிதாவின் கல்யாணத் தேதி குறிக்க மூஸா வந்திருந்த அன்று, பலகாரத் தட்டை வைத்துக்கொண்டே பேச்சைப் போட்டாள்.

"ஆஸ்பத்திரில மாமி ரத்தத்தையும் கேக்குறாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். எதுக்கு வம்பு? ஏதாவது இருந்து தொலைச்சா?"

மாமிக்குக் காது மந்தம். இடது காதில் ஹபீபுன்னிசா குனிந்து உரக்கச் சொன்னால்தான் விளங்கும். ஆகவே அதை இரண்டாம் தடவை, இன்னும் உரக்கச் சொன்னாள்.

"என்னது? எனக்கா?" மாமி துள்ளி எழுந்தாள். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கச் சொல்லுடி! சுத்தமான ரத்தம்! மூஸா, நீயும் வா. பதில் சொல்றப்ப நீ பக்கத்துல நின்னு கேக்கணும்."

தூண்டிலைக் கவ்விய மீன்கூட அப்படித் துள்ளாது.

முடிவு வந்த அன்று மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லோர் முன்னாலும் சொல்லலாமா என்று மேகலா கேட்டதை ஹபீபுன்னிசா காதில் சொன்னதும் மாமி பெருமையாகத் தலையாட்டினாள். அதே கோணல். அதே பாதித் தண்ணீர். மூஸாவின் முகம் செத்துப்போனது. "அப்ப என் மகளுக்கும் இருக்கலாமா?" என்றார். இருக்கலாம், சோதித்துப் பார்க்கணும் என்றதும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்னடி சொல்லுது?" என்றாள் மாமி.

ஹபீபுன்னிசா இடது காதருகே குனிந்தாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இது பட்டுக்கோட்டையிலேருந்து வரல மாமி. உங்க வீட்டோடது. உங்ககிட்டேருந்து உங்க மகனுக்கு, எங்க அத்தாகிட்டேருந்து எனக்கு. எங்கம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மாமி தன் முழங்கையில் ரத்தம் எடுத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். மேகலாவுக்கு மனசு கேட்காமல் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல யாரு மேலயும் குத்தம் இல்லம்மா, உங்க மேலயும் இல்ல" என்றார். பிறகு ஹபீபுன்னிசாவைப் பார்த்து, "இதைக் கட்டாயம் அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிருங்க" என்றுவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

கல்யாணப் பேச்சு அன்றோடு நின்றது. மூஸா அந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை. ஜெக்கரியா போனில் தணிந்த குரலில் பேசப் பழகிக்கொண்டான். மாமி வாயில் பட்டுக்கோட்டை என்ற ஊரே வருவதில்லை. பொழுது சாய்ந்தால் அவளே அஃப்ரீனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறாள். சாப்பாடும் குறைந்துவிட்டது.

அப்படி ஒரு நாள் பேத்தியைப் படுக்க வைத்துவிட்டு வந்து, தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னுச்சே ஹபீபு. என்ன சொன்னுச்சு?"

ஹபீபுன்னிசா மிஷினை நிறுத்தினாள். ஒரு வாக்கியம்தான். சொன்னால் கிழவி நிம்மதியாகச் சாப்பிடுவாள், நிம்மதியாகத் தூங்குவாள். அம்மா அப்படித் தூங்கவில்லை. அவள் மாமியின் இடது காதருகே குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல மாமி. வெயிலா இருக்கு, பஸ்சுல பத்திரமா போங்கன்னு சொன்னுச்சு."