பந்தைக் காட்டாதீங்க, பையனைக் காட்டுங்க

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முத்துப்பேட்டையில் ஒரு கால்பந்து மைதானம். பின்னாலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"சார்… போனைக் கொஞ்சம் இறக்குங்க. உங்க கையைத் தவிர எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளை இடித்தார்.

"இவரு வாராவாரம் எழுதுறவர்ல? மேட்ச் பாக்க வந்தா போனைப் பாக்கெட்ல வைங்கன்னு எழுதுனாரே… அவருதானே?"

அவரேதான். சாட்சாத் நானேதான்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரத்தநாடு பக்கம் ஒரு கபடிப் போட்டி பார்த்துவிட்டு வந்து பொரிந்து தள்ளியிருந்தேன். பிடிபட்ட ஆட்டக்காரர் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி வந்து, முதல் வரிசையில் இருந்தவர் மடியிலேயே விழுந்தார். மடிக்குச் சொந்தக்காரர் என்ன செய்தார்? தூக்கிவிட்டாரா? அடி பட்டதா என்று கேட்டாரா? போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, "ஒரு நிமிஷம் அப்படியே இருங்க தம்பி" என்றார்.

அதே கட்டுரையில் ஒரு தவில் கச்சேரியைப் பற்றியும் எழுதியிருந்தேன். தனி ஆவர்த்தனம் உச்சத்தில் போய்க்கொண்டிருக்கிறது… முன்வரிசையில் ஒரு தலைகூட ஆடவில்லை. விசாரித்தால், தலை ஆடினால் வீடியோ ஆடிவிடுமாம்!

நிறைய வாசகர்கள் பாராட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டுரையையே போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார்கள். அது வேறு கதை.

அப்படிப்பட்ட ஆசாமி எதற்காகப் போனைத் தூக்கிக்கொண்டு நின்றேன்? சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நூர்ஜஹான் டீச்சர் தஞ்சாவூரில் என் மனைவியோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். இப்போது மாற்றலாகி சொந்த ஊரான முத்துப்பேட்டைக்கே போய்விட்டார். "ஒரு நாளாவது சாப்பிட வாங்க" என்று ஆறு மாதமாக அழைத்துக்கொண்டிருந்தார். போனோம். பிரியாணி. நான் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிடும் வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், ஒரு உதவி. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

வாயில் பிரியாணியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். மகன் ஆசிக் பிளஸ் டூ முடித்திருக்கிறான். ஊர் அணியில் கோல் கீப்பர். திருச்சியில் ஒரு கல்லூரி, விளையாட்டுப் பிரிவில் சீட் தருகிறோம் என்று கூப்பிட்டிருக்கிறது. ஆனால், குவைத்தில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் அவன் அத்தா ஜபருல்லா, அதே குடோனில் மகனுக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில பாஸ்போர்ட் காப்பி அனுப்பணும் சார். அனுப்பிட்டா முடிஞ்சுது. அவரு கெட்டவரு இல்ல. புள்ள விளையாடி அவரு பாத்ததே இல்ல… அதான். லீவுல வர்றது நோன்புக்கும் பெருநாளுக்கும். அப்ப இங்க மேட்ச் எதுவும் இருக்காது. இன்னைக்கு ஃபைனல். ஒரே ஒரு தடவை வீடியோ கால்ல பாக்கட்டும் சார். பாத்துட்டும் வேணாம்னாருன்னா நானே காப்பியை அனுப்பிடறேன்."

"வீட்டில் தம்பி, கொழுந்தன் யாரும்…?" என்று இழுத்தேன்.

"அவங்க கையில குடுத்தா, மேட்ச் சூடானதும் போனோட சேர்ந்து குதிப்பாங்க. நீங்கதான் சார் நிதானமானவங்க."

அப்போது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப்போவதில்லை.

நாலரைக்கு எழுவர் கால்பந்து இறுதி ஆட்டம். முத்துப்பேட்டை அணிக்கு எதிரே கோடியக்கரைப் பக்கத்து மீனவர் கிராமத்து அணி. மைதானத்தைச் சுற்றித் தலைகள், தலைகளுக்கு மேலே போன்கள். என்னுடையதும் ஒன்று. டீச்சரும் என் மனைவியும் எதிர்ப் பக்கம் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குவைத்தில் ஜபருல்லாவுக்குச் சாப்பாட்டு வேளை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். ஆசிக்கிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் கை நடுங்கும் என்று டீச்சர் பயந்தார்.

விசில் ஊதியது. நான் பந்தின் பின்னாலேயே போனைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நல்ல கேமராமேன் என்று மனசுக்குள் ஒரு சபாஷ் வேறு.

"சார்… பந்தைக் காட்டாதீங்க. பையனைக் காட்டுங்க."

நியாயம்தானே! கோல் போஸ்ட் பக்கம் திருப்பினேன். ஆசிக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. குனிந்து ஷூ லேஸைக் கட்டினான்.

"சும்மாதானே சார் நிக்கிறான்?"

"கோல் கீப்பருங்க. பந்து வந்தாத்தான் வேலை."

"எங்க குடோன் வாட்ச்மேன் இதைவிட நல்லா நடப்பாரு சார்."

இங்கேதான் சிக்கல் புரிந்தது. முத்துப்பேட்டை அணி அவ்வளவு பலமான அணி. பந்து எதிரணியின் பாதியை விட்டு இந்தப் பக்கம் வருவேனா என்கிறது. ஆசிக்குக்கு வேலையே இல்லை. கோல் போஸ்ட் மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. அவன் நிமிர்ந்து அதைப் பார்த்தான்.

"காக்காயைப் பாக்குறான் சார்."

காக்காயும் அவனைப் பார்த்தது.

முத்துப்பேட்டை ஒரு கோல் போட்டது. மைதானமே கூத்தாடியது. "யாரு சார் போட்டது, எங்க பையனா?" என்றார் ஜபருல்லா ஆவலாக. இல்லை என்றேன். "அப்ப இன்னும் நிக்கிறானா?"

அந்தக் கணத்தில் நான் செய்ததை அந்த ஊர்க்காரர்கள் யாரும் படித்துவிடக் கூடாது. கோடியக்கரைப் பக்கத்து அணி எப்படியாவது முன்னேறி வந்து, இந்தப் பையனைக் கொஞ்சம் பாடுபடுத்த வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டேன். கோல் விழக் கூடாது, ஆனால் விழுகிற மாதிரி இருக்க வேண்டும். கடவுளுக்கு இவ்வளவு நுணுக்கமான விண்ணப்பம் போட்டால் அவர்தான் என்ன செய்வார்?

தோளைத் தட்டினாரே, அவர் வந்தது இந்த நேரத்தில்தான். கூனிக் குறுகி விஷயத்தைச் சொன்னேன். "ஆசிக்கோட அத்தா. குவைத்திலேர்ந்து பாக்குறாருங்க."

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "ஜபருல்லா பாயா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றவர் எழுந்து நின்று, "ஏய்… ஆசிக் அத்தா லைன்ல இருக்காரு. சாருக்கு வழி விடுங்கப்பா!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். இடைவேளையில் என்னைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் கோல் போஸ்டுக்குப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது பாதியில் ஆசிக் அந்த முனையில்தான். கையில் சுடச்சுட இறால் வாடா வேறு. வாடா என்றால் நடுவில் இறால் வைத்துப் பொரிக்கிற ஒரு பலகாரம். சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், ஒரு கையால் அதைச் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று.

இரண்டாவது பாதியிலும் அதே கதைதான். குவைத்தில் ஜபருல்லா டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டது.

"சரிங்க சார். நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு எதுக்கு சார் காலேஜு? எனக்கும் வேலைக்கு நேரமாச்சு…"

போச்சு. எல்லாம் போச்சு. "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சினேன். அப்போதுதான் பெனால்ட்டி எல்லைக்குள் முத்துப்பேட்டைத் தடுப்பாட்டக்காரர் கையில் பந்து பட்டுவிட்டது. நடுவர் ஓடி வந்து பெனால்ட்டி புள்ளியைக் காட்டினார். மைதானம் கப்சிப்.

உதைக்க வந்தவர் தொடையைப் பார்த்தேன். படகைத் தனியாளாகக் கரையேற்றுகிற தொடை.

"என்ன சார் ஆச்சு? சத்தத்தையே காணோம்?"

"பெனால்ட்டி. இப்ப உங்க பையனும் அந்த ஆளும் மட்டும்தான். இது கோலானா ஆட்டம் சமன்."

மறுமுனையில் "யா அல்லா" என்று மெதுவாகக் கேட்டது. வாடாவைக் கீழே போட்டேன். போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

விசில். ஓடி வந்தார். உதைத்தார். இடிமாதிரி ஒரு உதை. ஆசிக் இடது பக்கம் பறந்தான். ஆமாம், பறந்தான்… வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. விரல் நுனி பட்டது. பந்து கம்பத்தில் மோதி வெளியே தெறித்தது.

அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஸ்டூல் மேல் நின்று குதித்திருக்கிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று. யாரோ என் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தார்கள். அடங்கிய பிறகுதான் போனைப் பார்த்தேன்.

திரையில் ஆசிக் இல்லை. மைதானம் இல்லை. பிளந்த வாயோடு ஒரு கிழவர் இருந்தார்.

நான்தான். இறுக்கிப் பிடித்ததில் கேமராவைத் திருப்பும் பொத்தான் அமுங்கிவிட்டது. பந்தை உதைப்பதற்கு முன்பிருந்தே அந்த மனிதர் என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாத்தீங்களா…?" என்றேன், பதில் தெரிந்துகொண்டே.

"இல்ல சார்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு தாய் நம்பிக் கொடுத்த வேலை. ஒரு பையனுடைய எதிர்காலம். ஒரே ஒரு நொடி… அதைக்கூட ஒழுங்காகக் காட்டத் துப்பில்லாத ஜென்மம். "மன்னிச்சிடுங்க, இதோ திருப்பறேன்" என்று தடவினேன்.

"திருப்பாதீங்க சார்! அப்படியே புடிங்க."

பிடித்தேன். எனக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. "ஆசிக்! ஆசிக்!" என்று ஒரே கூச்சல்.

"அது எங்க தெரு ஆளுங்க சார்… அந்தச் சிவப்புச் சட்டை கறிக்கடைக்காரரு. பின்னாடி நிக்கிறது எங்கூடப் படிச்சவன். எல்லார் வாயிலயும் எம்புள்ள பேரு." போனை முகத்துக்கு இன்னும் அருகில் கொண்டுபோனார். "நான் இங்க வந்து இருபது வருஷமாச்சு. என்னை எல்லாரும் 'ஸ்டோர்'னுதான் கூப்பிடுவாங்க. எம்பேரு தெரிஞ்சவங்க நாலு பேரு இருந்தா அதிகம்."

கூட்டம் மொத்தமும் தெரிகிற மாதிரி போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"நூர்ஜஹான்கிட்ட பாஸ்போர்ட் காப்பி அனுப்ப வேணாம்னு சொல்லிடுங்க… வேணாம் வேணாம், நானே சொல்றேன். புள்ள திருச்சிக்குப் போகட்டும்."

கோப்பையை வாங்கியதும் பையனிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவன் அழுதான். டீச்சர் அழுதார். என் மனைவியும் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நிதானமானவர்!" என்றாள்.

சரி, அந்தப் பெனால்ட்டியை அத்தாவுக்குக் காட்டாவிட்டால் எப்படி? மைதானத்தில் அத்தனை போன் இருந்ததே! ஆசிக்கின் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். எல்லா வீடியோவும், உதைக்கிறவர் ஓடி வரும் வரை அருமை. உதைத்ததும் ஒன்றில் வானம், ஒன்றில் புல், ஒன்றில் யாருடைய அக்குளோ. எல்லோரும் குதித்துவிட்டார்கள்! நான் திட்டி எழுதினேனே, அந்தப் போன்காரர்களில் ஒருவர்கூட அந்த நொடியில் போன்காரராக இல்லை. அவர்களிடம் இந்தப் பத்தி மூலமாகவே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (மடியில் ஆளை வைத்துக்கொண்டு படம் பிடித்தவரிடம் மட்டும் கேட்க மாட்டேன்.)

கடைசியில் ஆடாமல் அசையாமல் ஒரே ஒரு வீடியோ கிடைத்தது. எடுத்தவர் கோடியக்கரைப் பக்கத்து அணியின் ரசிகர். தோற்ற கட்சி… அவர் எதற்காகக் குதிப்பார்? தொலைவில் எதிர் முனையிலிருந்து எடுத்தது. பந்து தெறித்ததும் அவர் குரல் மட்டும் கேட்கிறது: "அடச்சே… தடுத்துட்டாம்ப்பா…" கொஞ்சம் மூச்சு விட்டு, "நல்லாத்தான் தடுத்தான்."

அதை அன்றைக்கே குவைத்துக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"சார், வீடியோ பாத்தேன். புள்ள எறும்பு மாதிரிதான் தெரியுறான். திருச்சில அவன் ஆடப்போற முதல் மேட்சுக்கு லீவு சொல்லிட்டேன், நேர்ல வரேன். போன் புடிக்க நீங்க வர வேணாம்."