ஆறு பேர்

பூங்காவில் மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ‘க்ளிக்’ என்று கேட்டது. எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதி மக்களைப் படமெடுத்துக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொல்லி ஒரு பெண் கமராவோடு சிரித்தாள். நான் மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, கோட்-டெ-நெய்ஜில் இருந்த எங்கள் வீட்டுக்கும் இப்படிக் கமராவோடு ஒருத்தி வந்தாள். பொரித்த மீன்மணம் போகட்டும் என்று அம்மா அவசரமாக ஜன்னலைத் திறந்தார். அகதி வழக்குத் தோற்றும் நாடு திரும்பாத சித்தப்பா குளியலறைக்குள் புகுந்து தண்ணீரைத் திறந்துவிட்டார். யார் கதவைத் தட்டினாலும் அதுதான் வழக்கம்.

“வீட்டில் எத்தனை பேர்?” என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். பிரெஞ்சு தெரிந்தது எனக்கு மட்டும்தான். பள்ளியில் எண்ணப் பழகிய பெருமையில் “ஆறு” என்றேன். சோபாவில் ஐந்து பேர்தான் இருந்தோம். அவள் தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். பிறகு படமெடுத்தாள்.

அவள் போனதும் அப்பா, “ஏன் பிள்ளை ஆறு எண்டு சொன்னனீ?” என்றார்.

“விடுங்கோ அண்ணை. குளிக்காமல் தண்ணிக்குப் பக்கத்தில நிண்டே எனக்குத் தடிமன் பிடிச்சு மூக்கும் அடைச்சிட்டுது” என்று சித்தப்பா சிரித்தார். அடுத்த வாரமே வீட்டைவிட்டுப் போனார். யாரும் அவரைத் தேடி வரவில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

கமராப் பெண் என் மகளிடம் குனிந்தாள். “உங்கள் வீட்டில் எத்தனை பேர்?”

மகள் மூன்று விரல்களைக் காட்டினாள். நாங்கள் மூவரும் இந்த நாட்டுக் குடிமக்கள். ஒளிக்க எதுவுமில்லை. இருந்தும் அவள் கையைப் பிடித்து ஒரு விரலை மடக்கினேன்.