பில்ட் எந்திரம் தமிழ் பேசிய நாள்

வியட்நாமின் தூ டுக்கில் எங்கள் அலுவலகத்தில் தமிழர்கள் இரண்டே பேர். காரைக்காலிலிருந்து போன நான், பக்கத்து நாற்காலியில் ஒரு சென்னைக்காரன். தினமும் மதியம் மென்பொருளைத் தானாகக் கட்டி முடிக்கும் 'பில்ட்' ஸ்கிரிப்ட் நான் எழுதியது. கட்டிய கோப்பின் பெயரில் அது மாதத்தின் பெயரையும் சேர்க்கும். எந்த மொழியில் எழுதுவது என்பதை அது ஓடும் பொது எந்திரத்தின் சூழல் மாறி என்ற அமைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். அங்கே ஆங்கிலம்தான் இருக்கும் என்று நம்பி, நான் ஸ்கிரிப்டில் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தால் பில்ட் பாதியில் நிற்கிறது. கோப்பின் பெயரில் அழகாக 'ஆகஸ்ட்' என்று தமிழில் இருந்தது. ஆங்கில மாதத்தைத் தேடிய அடுத்த ஸ்கிரிப்ட் கோப்பைக் காணாமல் நின்றுவிட்டது. மாறியைத் தமிழுக்கு மாற்றியது யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. சென்னைக்காரன் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தான்.

அதற்குள் எங்கள் வியட்நாமியத் தலைவர் திரையருகே வந்துவிட்டார்.

"இது என்ன எழுத்து? கம்போடியாவா? யாராவது உள்ளே புகுந்துட்டாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டவர், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"மச்சான், காட்டிக் குடுத்துடாதடா," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இது தமிழ் சார்," என்றேன். "நான் படிச்சுச் சொல்றேன். 'இதைச் செய்தவன் எல்லாருக்கும் கஃபே சுவா டா வாங்கித் தரணும்'னு போட்டிருக்கு."

ஐஸ் போட்ட பால் காப்பி என்றதும் மொத்தக் குழுவும் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார்.

"இது ஆகஸ்ட்னு சொல்லுது. காப்பி எங்கே இருக்கு?"

"தமிழ்ல ஒரே சொல்லுக்குப் பல பொருள் உண்டு சார்."

"அப்ப நீயும் மேசைக்கடியில இருக்கிறவனும் சேர்ந்து வாங்குங்க. அதுக்கு முன்னாடி பில்டைச் சரிபண்ணு."

ஸ்கிரிப்டின் தலையிலேயே மொழி ஆங்கிலம் என்று ஒரு வரி சேர்த்தேன். எந்திரத்தில் யார் என்ன விளையாடினாலும் இனி அது கண்டுகொள்ளாது. பில்ட் ஓடத் தொடங்கியது. நாங்கள் இருவரும் வெயிலில் தெருமுனைக் கடைக்கு நடந்தோம்.

"ஏன்டா அப்படிப் புளுகின?" என்றான் அவன்.

"வெறும் ஆகஸ்ட்ல சாப்பிட என்னடா இருக்கு? நீ சேமியா பாயசம்னு எழுதி வச்சிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பேன்," என்றேன்.