சீமைக் காருக்கு அம்பாசிடர் டயர்

என் வீட்டுக்காரர் அந்தக் காரைப் பாண்டிச்சேரியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தபோது, திண்டிவனத்தில் எங்கள் கடலை எண்ணெய் மில் வாசலில் மல்லாட்டை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். சிவப்புக் கார், தரையோடு தரையாகப் படுத்த மாதிரி இருந்தது. கூரை துணி. சீட்டு இரண்டே இரண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, பாண்டிச்சேரிப் பேச்சில் சொல்தாவாக, இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர், குடும்பத்தோடு பிரான்சுக்கே போவதால் விற்றுவிட்டார். மூட்டை தூக்கியவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து காரைச் சுற்றி நின்றார்கள். நான் முதலில் பார்த்தது டயரைத்தான்.

நான் பஸ் வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு விழுப்புரம் திண்டிவனம் ரோட்டில் ஒரு பஸ் ஓடியது. அவருக்குப் பிறகு அண்ணன் நடத்தினார். எங்கள் வீட்டில் சோறு போடும்போதுகூட டயர் பேச்சு ஓடும். ஒரு தடவை முன்பக்கம் போட்டிருந்த, பழசுக்கு மேல் ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் கூட்டேரிப்பட்டு தாண்டி வெடித்து, பஸ் வயலில் இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அப்பா, அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

சிவப்புக் காரின் டயர்களில் ரோட்டில் படும் பட்டன் எல்லாம் தேயாமல் நன்றாகத்தான் இருந்தன. பக்கவாட்டில்தான் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. ரொம்ப நாள் ஓடாமல் நின்ற வண்டி.

“ஏங்க, இதை மாத்திடுங்க. ரப்பர் செத்துப்போச்சு” என்றேன்.

“இதுக்குச் சரியான டயர் பிரான்சுலதான் கிடைக்கும். சொல்தா அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்” என்றார்.

சொல்தா அனுப்புவார் என்று சித்திரையில் சொன்னார், ஆடியிலும் சொன்னார். அதுவரைக்கும் அதே டயரில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காரில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பிரான்சு வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். அவர் ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், நான் நடு ரோட்டில் உட்கார்ந்திருப்பேன். முன்னால் லாரி போனால் அவருக்கு எதிரே வருவது தெரியாது. “போலாமா?” என்று கேட்பார். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, “இருங்க, பஸ் வருது” என்பேன், இல்லையென்றால் “போங்க” என்பேன். “போங்க” என்று சொன்னதும் அந்தக் கார் பாயும் பாருங்கள், என் வயிறு பின்னாலேயே தங்கிவிடும். எதிரே வரும் லாரி என் முழங்கையை உரசுவது போலப் போகும். அவர் சிரிப்பார். அவருக்கு அந்தச் சிரிப்பு வேறு எங்கேயும் வராது. மில்லில் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

ஆவணியில் விழுப்புரத்தில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். இவர்தான் தாய்மாமன். மாமன் சீர் வைக்காமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள். முதல் நாளே போய்விடலாம் என்றேன். காலையில் காரில் போனால் அரை மணியில் போய்விடலாம் என்றார். சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அரக்குப் பட்டில் நான் உட்கார்ந்தேன்.

விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாட்டு வண்டியைத் தாண்டினோம். தாண்டி முடித்ததும் பட்டென்று ஒரு சத்தம். கார் என் பக்கமாக, நடு ரோட்டுக்கு இழுத்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி, ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. தட்டிலிருந்த தேங்காய் உருண்டு என் காலடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தேன்.

பிறகு அவர் இறங்கி ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தார். அதில் காற்றும் இல்லை, அதுவும் பக்கவாட்டில் பிளந்துகிடந்தது.

“முகூர்த்தத்துக்கு நேரம் ஆவுதுங்க” என்றேன். அவருக்குக் காரை விட்டுப் போக மனசு வரவில்லை. எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர், “நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க சார்” என்றார். அப்போது நல்ல வேளையாக எங்கள் அண்ணன் பஸ்ஸே வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதி நிறுத்தினார். வெடித்த சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியோடு சேர்த்து மேலே ஏற்றினார்கள். பட்டு வேட்டியில் இவரும், சீர்த்தட்டோடு நானும் ஏறினோம்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தட்டை அவரிடம் கொடுத்தேன். “நீங்க மண்டபத்துக்கு ஓடுங்க. நான் சக்கரத்தைக் காட்டிட்டு வர்றேன்.”

“டியூப் மாத்தி, உள்ளே பேட்ச் வெச்சு வாங்கிக்கினு வந்துடு. டயர் எதுவும் வாங்காதே. சொல்தா அனுப்புவார்” என்றார். தாய்மாமன் ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார்.

டயர் கடைக்காரர் அப்பா காலத்திலிருந்து எங்கள் பஸ்ஸுக்கு டயர் கொடுத்தவர். பட்டுச் சேலையில் நான் வந்து நிற்பதைப் பார்த்ததும், பஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார். சக்கரத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

“இது ரேடியல்மா, சீமை டயரு. நம்ம பக்கம் ஸ்டாக்கே வராது. மெட்ராஸ்ல சீமைக் கார் உடைக்கிற எடத்துல தேடினா கிடைக்கும். ஆனா அதுவும் யாரோ ஓட்டித் தேய்ச்சதுதான்.”

“பேட்ச் வெச்சா?”

அவர் டயரின் ஓரத்தை இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார். வெடிப்புக்குள்ளே நூல் தெரிந்தது. “வெக்கலாம். ஆனா எங்க வரைக்கும் போவும்னு என்னைக் கேக்காதீங்க.”

“வேற என்ன இருக்கு?”

“ரிம் சைஸு அம்பாசிடர் சைஸுதான். அந்த டயர் ஏறும். கொஞ்சம் உசரமா நிக்கும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள உரசினாலும் உரசும். ஸ்பீடு போனா ரேடியல் மாதிரி ரோட்டைப் புடிக்காது. அப்புறம் இன்னொண்ணும்மா, காரோட அழகு போயிடும். சாருக்குப் புடிக்காது.”

யோசித்தேன். மெட்ராஸ் போய்த் தேடுவதற்குள் என் வீட்டுக்காரர் பேட்ச் வைத்ததிலேயே ஓட்ட ஆரம்பித்துவிடுவார், எனக்குத் தெரியும். ஸ்பீடு போனால் ரோட்டைப் பிடிக்காது என்பது பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பீடைக் குறைக்கச் சொல்லலாம். செத்த ரப்பரிடம் என்ன சொல்வது?

“அழகைப் பார்க்கறவர் அந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருக்கார். லாரியைப் பார்க்கறது நான். புது டயர் அஞ்சு கொடுங்க” என்றேன்.

“முன்னாடிக்கு மட்டும் ரெண்டு போதுமே?”

“நாலும் ஒண்ணா இருக்கட்டும். ஸ்டெப்னியும் சேர்த்து.”

கொண்டுபோன இரண்டு ரிம்மில் புது டயரை மாட்டினார்கள். மீதி மூன்றைக் கயிற்றில் கட்டி, எல்லாவற்றையும் பஸ்ஸில் போடக் கடைக்காரர் ஏற்பாடு செய்தார். கிளம்பும்போது பார்க்கிறேன், பட்டு முந்தானையில் கறுப்பாக ஒரு கை அகலத்துக்குத் தீற்றல்.

மண்டபத்துக்குப் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது. சீர் நேரத்துக்கு வந்துவிட்டதாம், அதில் குறையில்லை. நாத்தனார் மட்டும், “தாய்மாமன் வந்துட்டான், மாமன் பொண்டாட்டி எங்கன்னு மாப்ள வீட்டுல கேக்கறாங்க. டயர் கடையிலன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றாள். நியாயம்தான். மணப்பெண்ணுக்குச் சிரிப்பு. முந்தானையை மறைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் திரும்பவும் அண்ணன் பஸ்ஸில் வந்து புளியமரத்தடியில் இறங்கினோம். மேலிருந்து டயர்களை ஒவ்வொன்றாக இறக்க இறக்க, அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

“என்ன சொன்னேன், என்ன பண்ணியிருக்கே?”

“நீங்க சொன்னதைக் கடையில கேட்டேன். வேணாம்னுட்டார்.”

“இதை மாட்டினா பட்டு வேட்டி கட்டி கம்பூட்ஸு போட்ட மாதிரி இருக்கும்.”

நான் புதுச் சக்கரத்தைக் காருக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனேன். டீக்கடைக்காரர் ஜாக்கி பிடித்தார். முன்பக்கம் இரண்டையும் மாட்டினார்கள். கம்பூட்ஸு போட்ட மாதிரியேதான் இருந்தது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. திண்டிவனம் பக்கம் திரும்புவதற்காக ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் உள்ளே சரக்கென்று உரசியது.

“கேட்டியா?” என்றார்.

“கேட்டேன்.”

மெதுவாகத்தான் ஓட்டினார். கூட்டேரிப்பட்டு வந்தோம். அங்கே முன்னால் ஒரு வைக்கோல் லாரி, ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. வைக்கோல் தூசி எல்லாம் எங்கள் தலையில் விழுந்தது. அவர் கேட்கவே இல்லை, பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது.

“போங்க” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, தாண்டினார். பாய்ச்சல் இல்லை, சாதாரணமாகப் போனது. வழக்கமாக நான் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அன்று பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை. மடியில் கை வைத்தபடி இருந்தேன்.

மறுநாள் பின்பக்கமும் மாற்றியாகிவிட்டது. உரசுகிற இடத்தில் தகட்டின் ஓரத்தைப் பட்டறையில் மடக்கிக் கொடுத்தார்கள். அவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பிரம்மதேசம் பக்கம் மல்லாட்டை பார்க்கப் போனபோது, அந்த மண் ரோட்டில் காரின் அடி இடிக்காமல் போய் வந்ததாக அவரே சொன்னார்.

அடுத்த பொங்கலுக்குச் சொல்தா ஊருக்கு வந்து எங்கள் வீட்டுக்கும் வந்தார். சென்ட்டு பாட்டில் ஒன்றும் சாக்லேட்டும் கொண்டுவந்தார். டயர் இல்லை.

“அந்த மாடல் கார் அங்கேயே இப்ப யார்கிட்டயும் கிடையாதுங்க. டயருக்கு நான் எங்க போறது? சொல்லச் சங்கடமா இருந்தது, அதான் அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்லிக்கினு இருந்தேன்” என்றார்.

இவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். “பரவால்லீங்க, நானே பார்த்து இங்கயே நல்ல டயரா போட்டுட்டேன்” என்றார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் அந்தக் கார் எங்களிடம் இருந்தது. அவருக்கு இடுப்பு வலி வந்து, அவ்வளவு தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் போனது. மெட்ராஸ்காரர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வரைக்கும் கார் நின்ற இடத்தில் இவர் மூட்டை இறக்க விடவில்லை. மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, “விழுப்புரத்துல ஒரு வண்டி விலைக்கு இருக்காம். பார்த்துட்டு வரலாம், நீயும் வர்றியா?” என்றார்.

சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.